பாம்பன் பாலத்துக்கு எந்த டயர்?

விடுமுறை நாளில் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் தேசிய நெடுஞ்சாலை 87-ல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், அரசுப் பேருந்துக்கும் மீன் லாரிக்கும் நடுவே ஒன்றிரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டு உறுமிப் போவதைக் காணலாம். போகிற இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். அரிச்சல்முனை! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே போக ஜீப்பும் வேனும்தான் கதி. மணலிலும் சேற்றிலும் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை திறந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்க்கோடு மாதிரி ஒரு ரோடு. கார் வைத்திருப்பவனுக்குக் கை அரிக்காமல் இருக்குமா?

இந்த மாதிரி கார் வாங்குகிறவர்கள் அடுத்ததாகக் கேட்பது டயர். "சம்மர் டயர், ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்று சொன்னால் கடைக்காரரும் ஒரு தனி மரியாதையோடு பார்க்கிறார். நம்ம ஊர் வெயிலுக்குச் சம்மர் டயர்தானே சரி என்று தோன்றும். ஆனால் அந்தப் பெயருக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது என்பதுதான் வேடிக்கை.

சம்மர் டயர், விண்டர் டயர் என்ற பிரிவு பனி கொட்டும் நாடுகளில் வந்தது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் இறுகிவிடும், பிடிமானம் குறையும். அதனால் ஜெர்மனியில் இருப்பவர் குளிர் வந்ததும் டயரைக் கழற்றி மாற்றுகிறார். ராமநாதபுரத்தில் மார்கழி மாதம் விடியற்காலை கூட 7 டிகிரி வருமா? கனவில்தான் வரும். இங்கே பஞ்சர் கடையில் மாட்டித் தொங்கும் சாதாரண டயரும் பெரும்பாலும் வெயில் நாட்டுக்கென்று செய்த டயர்தான். ஆகவே "சம்மர்" என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கடற்கரையில் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய குணம் ஒன்றே ஒன்று: மழைத் தண்ணீரில் எவ்வளவு பிடிக்கிறது என்பது.

ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பது முழுக்க ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. அந்த டயரில் ரப்பர் மென்மையாக இருக்கும், பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் கேட்கும். பக்கவாட்டில் இருக்கும் வேக எழுத்தும் சும்மா இல்லை. எச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300. 'பாம்பனில் எவன் 300-ல் போகப் போகிறான்?' என்று சிரிக்கலாம். ஆனால் அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் சக்தியையும் சேர்த்தே சொல்கிறது. கார் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்கினால் தப்பு. அதற்கு மேலே போய் ஷோ காட்டினால் பர்ஸுக்கு மட்டும்தான் சேதம்.

டயர் தேர்வில் ஒரு பெரிய பாடம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியர் அவர்தான். அந்த வருடம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானபோலிஸ். அங்கே 13-வது வளைவு சரிவாக உயர்த்திக் கட்டப்பட்டது, அதில் முழு வேகத்தில் போக வேண்டும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் பின்பக்க இடது டயர் விட்டுப்போய்ச் சுவரில் மோதினார். அது மிஷலின் டயர். கம்பெனி இன்ஜினியர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் அந்த வளைவில் வேகம் குறையாமல் எங்கள் டயர் முழு ரேஸும் தாங்கும் என்று உறுதி தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த சீசன் விதிப்படி ரேஸ் நடுவில் சும்மா டயர் மாற்றவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் மிஷலின் போட்ட 14 கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக பிட்டுக்குள் போய் நின்றுவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின! நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் வாங்கினார். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் வாங்கிய முதல் புள்ளிகள் அவை.

இதைச் சொல்லி நரேனைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆறு பேர் ஓடினாலும் காரைக் கடைசி வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டுமே, அது அவர்களுக்குத் தெரிவதில்லை. அது கிடக்கட்டும். கவனிக்க வேண்டியது மிஷலினின் நிலைமை. அந்த வருடம் மற்ற மைதானங்களில் ஜெயித்துக்கொண்டிருந்த டயர் அது, உலகத்தின் மூளைக்காரர்கள் செய்தது. ஒரே ஒரு வளைவுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துக்கு நல்ல டயர் பாம்பனுக்கும் நல்ல டயர் என்று சொல்ல முடியாது என்பதும் அதே கதைதான்.

பாம்பனில் என்ன இருக்கிறது? 1988-ல் திறந்த அன்னை இந்திரா காந்தி பாலம், சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம். பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் சக்கரத்தில் 'தட் தட்' என்று தட்டும். பக்கவாட்டில் கடல் காற்று. இது போதாதென்று, கீழே ரயில் பாலத்தைப் பார்க்க ஆட்கள் வண்டியை ஓரங்கட்டி நிற்பார்கள். 2025 ஏப்ரலில் செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் திறந்த பிறகு வேடிக்கை பார்க்கக் கேட்கவா வேண்டும்! முன்னால் போகிற வேன் எந்த நொடியும் பிரேக் போடும். வளைவில் பாய்ந்து போகிற திறமை இங்கே எதற்கும் உதவாது, நேராக நிற்கிற திறமை வேண்டும். அதுவும் ஈர ரோட்டில்.

இங்கே மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோட்டில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும், முதல் தூறலில் அது சோப்பு மாதிரி ஆகிவிடும். அப்புறம் பெய்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அப்படித் தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் ரோட்டை விட்டு எழும்பித் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பொம்மை.

எந்த வேகத்தில் மிதக்கும்? விமான டயர்களை வைத்து நாசா ஆராய்ந்ததில் வந்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் வேகம் நாட் அளவில் வரும். 36 பிஎஸ்ஐ என்றால் 6 பெருக்கல் 9, 54 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். காற்று இறங்கி 25 ஆனால் 45 நாட், சுமார் 83 கிலோமீட்டர்தான்! கார் டயருக்கு இது தோராயம். பட்டன் ஆழமாக இருந்தால் நிலைமை இதைவிடத் தேவலாம், தேய்ந்த அகல டயராக இருந்தால் இன்னும் மோசம். எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ பதில் :-)

நல்ல சம்மர் டயர் புதிதாக இருக்கும்போது ஈரத்திலும் அருமையாகப் பிடிக்கும் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். உண்மைதான். 'புதிதாக' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ரப்பர் மென்மை என்பதால் சீக்கிரம் தேயும். அமெரிக்கக் கணக்குப்படி டயரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் போட்டிருக்கும். குறைவாக இருந்தால் சீக்கிரம் தேயும் என்று அர்த்தம். 200 என்று போட்ட டயர் ரேஸ் மைதானத்துக்கு வாரம் ஒருமுறை போகிறவனுக்குச் சரி. ராமநாதபுரத்திலிருந்து தினமும் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு அது வீண் செலவு, மழைக்காலத்தில் ஆபத்தும் கூட. 300-க்கு மேல் இருப்பதை எடுத்து, பட்டன் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சட்டக் கணக்கு 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது என்பதற்காக அதுவரை உருட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே இடத்தில் போட்டிருக்கும் ஏஏ, ஏ, பி என்ற எழுத்து ஈர ரோட்டில் நேராக பிரேக் போட்டுப் பார்த்த மதிப்பெண். பாம்பனில் வேண்டியது அதுதான். ஆனால் கடையில் அதைக் கேட்கிறவர் யார்? 19 இன்ச்சா 20 இன்ச்சா என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்தது வயசு. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3123 என்றால் 2023-ம் வருடம் 31-வது வாரம் செய்தது. 2020 ஜூனில் மத்திய அரசு வெளிநாட்டு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. ஸ்போர்ட்ஸ் கார் சைஸ்களுக்கு ஏற்கெனவே வாங்குகிறவர் குறைவு. அபூர்வமான சைஸ் கிடைத்தது என்ற சந்தோஷத்தில் குடோனில் வருடக்கணக்கில் தூங்கிய சரக்கை மாட்டிக்கொண்டு வரக் கூடாது. பட்டன் புத்தம் புதிதாக இருக்கும், ரப்பர் கிழவனாகியிருக்கும். தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கும் முன் அந்த நான்கு எண்ணைப் படிக்க வேண்டும்.

காற்று விஷயத்தில் ஒரு வழக்கமான கூத்து நடக்கிறது. மதுரையில் கிளம்பி 115 கிலோமீட்டர் வெயிலில் ஓட்டி ராமநாதபுரம் பங்க்கில் காற்று பார்க்கிறார்கள். 32 வைக்க வேண்டிய இடத்தில் 36 காட்டுகிறது. 'ஐயோ அதிகம், வெடித்துவிடும்' என்று பதறி இறக்குகிறார்கள். சூட்டில் ஏறுவது இயற்கை. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண் டயர் ஆறியிருக்கும்போது வைக்க வேண்டிய எண். மதியம் இறக்கிய டயர் மறுநாள் காலை 28-ல் நிற்கும். காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்து இன்னும் சூடாகும், அப்போதுதான் வெடிக்கும் ஆபத்தே வருகிறது. காசு கொடுத்து நைட்ரஜன் அடித்தால் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்!

கடைசியாக அரிச்சல்முனை ரோடு. காற்று அடித்தால் மணல் தார் மேல் வந்து மெல்லிய விரிப்பாகப் படியும். அதன் மேல் எந்த டயரும் கோலிக்குண்டு மேல் நடப்பது மாதிரிதான், விலை என்ன கொடுத்திருந்தாலும் சரி. போட்டோவுக்காக ரோட்டை விட்டு ஓரத்து மணலில் இறக்கினால் அகல டயர் அங்கேயே புதையும். தாழ்ந்த கார், அடி தட்டி நின்றுவிடும். பக்கச்சுவர் குட்டையான டயராக இருந்தால் பாலத்து இணைப்பிலும் பள்ளத்திலும் அடி நேராக ரிம்முக்குப் போகும். ஆகவே கம்பெனி அனுமதித்த சைஸ்களில் சின்ன ரிம், உயரமான பக்கச்சுவர் உள்ளதை எடுப்பது இந்தப் பக்கம் ஓட்டுகிறவருக்கு நல்லது. பார்க்கக் கொஞ்சம் குண்டாகத் தெரியும், பரவாயில்லை.

இன்னொன்று, இந்த மாதிரி கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் பசையும் ஒரு சின்ன கம்ப்ரஸரும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் பசை ஒட்டாது. ராமேஸ்வரத்துப் பஞ்சர் கடைக்காரர் நல்ல மனிதராகவே இருப்பார், ஆனால் 19 இன்ச் டயருக்கு அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் 170 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குத்தான் போன் போட வேண்டும்.