கட்டடத்துக்கு ஆயுசு அறுபதாமே!

வீட்டுக்கடன் ஃபைல்களில் மதிப்பீட்டாளர் அறிக்கை ஒன்று இருக்கும். "மீதி ஆயுள் 48 வருடம்" என்று எழுதியிருப்பார். எப்படிக் கண்டுபிடித்தார்? அறுபதில் பன்னிரண்டைக் கழித்தார், அவ்வளவுதான். இதற்கு இன்ஜினியர் எதற்கு, பி.காம். படித்த நானே போதுமே :)

கான்கிரீட்டுக்குத் தன் பிறந்தநாள் தெரியாது சாமி. உள்ளேயிருக்கும் கம்பியைக் காப்பாற்றுவது அதன் காரத்தன்மை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல நுழைந்து அந்தக் காரத்தைத் தின்றுவிடும். நுழையும் ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலக் கணக்கில் போகும். அதனால் 30 மி.மீ. இருக்கவேண்டிய கவர் 15 மி.மீ. ஆனால், கம்பியைத் தொட ஆகும் காலம் பாதியல்ல, கால்வாசி! கவர் பிளாக் வைக்க மறந்த ஒரு மதியம் போதும்.

உப்பு இன்னும் மோசம். 2022 பிப்ரவரியில் குருகிராமில் அடுக்குமாடித் தளங்கள் சரிந்து இருவர் இறந்தார்கள். ஐ.ஐ.டி. டெல்லி சோதித்தபோது கான்கிரீட்டிலேயே குளோரைடு. நம் கழித்தல் கணக்கு அதற்கும் ஐம்பது வருடம் கொடுத்திருக்கும்.

துளைபோட்டு பீனால்ப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. எடுத்த தூளில் உப்பையும் அளக்கலாம். "செலவு யார் தருவது?" என்கிறார்கள். இருபது வருட இ.எம்.ஐ. யார் கட்டுகிறார்களாம்?

ஊர் நிலத்தை விற்று முன்பணம் கட்டும் நம்மாட்கள் முருகன் கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று விசாரிக்கிறார்கள். குளோரைடு ரிப்போர்ட்டையும் கேளுங்கள் ஐயா. பில்டர் உடனே கிரானைட் மேடையைக் காட்டுவார்.