நெல்லும் சான்றிதழும்

ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் சூழ்ந்து ஆலைகள் பெருகியமை யாவரும் அறிந்ததே. ஆயினும் கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்கள் பாயும் நன்செய்களில் ஓர் ஏக்கரும் ஈரேக்கருமாய் நெல் பயிரிடுவோர் இன்றும் உளர். இரசாயன உரமின்றி விளைவித்துக் கடல்கடந்த நாடுகளில் விற்றால் அவர் நல்விலை பெறலாம் என மேடைதோறும் கூறக் கேட்கின்றோம். கூறுதல் எளிது.

ஏற்றுமதிக்கு, 2001-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி சான்று வேண்டும். நெற்பயிர்க்கு மாறுதற்காலம் இரண்டாண்டு. அக்காலத்து விளைவு குறையினும் குறையும். விலையோ பழைய விலையே. தனியொருவர் செலவைத் தாங்கார் ஆதலின், உழவர் பலர் குழுவாய்க் கூடித் தம்முள் ஆய்வு நடத்தி, ஒரே சான்று பெற அத்திட்டம் இடந்தருகின்றது. பங்கேற்பு முறையில் எளிதாய்க் கிடைக்கும் மற்றொரு சான்று உள்நாட்டு வாணிகத்திற்கே உரியது. இவ்வேறுபாட்டை உழவர்க்கு முதற்கண் உணர்த்தல் வேண்டும்.

குழுவுக்கு உயிர்நிலை அதன் பதிவேடு. விதை எங்கே வாங்கியது, எரு எத்துணை வண்டி, அடுத்த வயலின் மருந்து காற்றில் வந்து படியாதிருக்க விட்ட இடைவெளி எவ்வளவு, எத்தனை மூட்டை எந்த அரைவை ஆலைக்குச் சென்றது என யாவும் தவறாது எழுதப்படல் வேண்டும். ஒருவர் மறைவில் யூரியா இட்டால் குழுவினர் அனைவர் சான்றும் ஐயத்திற்கு இடமாம். வெயிலுக்குச் சளையாத உழவர் இவ்வேட்டின்முன் சளைத்துப்போதல் வியப்பன்று. வெண்பாவின் தளையைப் பிழையறக் கணக்கிடும் நம்மனோர், விடுமுறையிற் பத்து உழவரின் மூட்டைக் கணக்கை எழுதித் தரலாகாதோ?

எனினும் ஏட்டால் தீராத இடர் ஒன்றுண்டு. அவ்வணையை நிரப்புவது தென்பெண்ணை. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரை ஏற்று வரும் அவ்வாறு, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்கி வழிதல் பன்முறை நிகழ்ந்துள்ளது. சான்றளிப்போர் வயலை மட்டுமோ நோக்குவர்? பாயும் நீரையும் நோக்குவர். தன் வயலில் ஒரு துளி மருந்தும் தெளியாதவன், பிறர் விடுத்த அழுக்கால் தகுதி இழக்க நேரலாம்.

ஆதலின், மழைநீர் ஏரியும் கிணறும் கொண்டு பயிரிடுவோரையே முதலிற் குழுவாக்குதல் தகும் என்பது எம் கருத்து. ஈது ஓரவஞ்சனை எனச் சிலர் கூறுவர். நீரை ஆய்ந்து பாராது ஆற்றுப்பாசனத்தாரை ஈராண்டு காக்கவைத்துப் பின்னர் வெறுங்கையராய் அனுப்புதல் அதனினும் கொடிது. அவர் பொருட்டு இன்று எழுதவேண்டிய மனு வேறு: கழிவுநீர் முழுதும் தூய்மையாக்கப்பட்ட பின்னரே ஆற்றில் விடப்படல் வேண்டுமென இரு மாநில அரசுகட்கும் விடுக்கும் முறையீடு. அதற்கும் எழுதுவோர் வேண்டும்.