ஒரு நிமிஷப் பரிசோதனை

"எனக்குத்தான் உடம்புக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு டாக்டர்கிட்டே போகணும்?" கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றதும் நம்மில் பலர் சொல்லும் பதில் இதுதான். குழந்தை இரண்டு தும்மல் போட்டால் டாக்டரிடம் ஓடுகிறோம். மாமியாருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறோம். நம் முறை வரும்போது மட்டும், "அப்புறம் பார்த்துக்கலாம்!"

சகோதரிகளே, இந்த நோயைப் பொறுத்தவரை, ஒன்றுமில்லாதபோது போவதில்தான் பலன். ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் இதற்குக் காரணம். அது பலருக்கு வந்து தானாகவே போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். அப்போதும் கர்ப்பப்பை வாயிலுள்ள செல்கள் மெள்ள மாறிப் புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷம் ஆகும். அதுவரை வலியே இராது. அந்த அவகாசத்தை நாம் வீணாக்கக் கூடாது.

நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள் இதை உலகத்துக்கே காட்டியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ளவர்களை அழைத்து, பயிற்சி பெற்ற நர்ஸுகள் பரிசோதித்தார்கள். ஊறுகாயில் சேர்க்கும் வினிகரில் இருக்கிறதே அசெடிக் அமிலம், அதை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும்.

வந்தவர்கள் 31,343 பேர். அவர்களில் 3,088 பேருக்கு வெள்ளை தெரிந்தது. "ஐயோ, புற்றுநோயா!" என்று பதற வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. புற்றுக்கு முந்திய மாறுதல் இருந்த பலருக்கு, அந்த இடத்தைக் கடுங்குளிரால் உறைய வைத்தே குணப்படுத்தினார்கள்.

முடிவு 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில், அழைக்காத ஊர்களைவிட இந்நோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைவு. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே இத்தனை பலன்! ஆனால் அழைத்தும் வராதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

நீங்கள் அந்தப் பங்கில் சேரலாமா? முப்பது வயதானவர்கள், மாதவிலக்கு இல்லாத ஒரு நாளில் போய்வாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விசாரிக்கலாம். கூச்சமாக இருந்தால், "பெண் நர்ஸே பார்க்கட்டும்" என்று கேளுங்கள், தப்பில்லை. இன்று ஹெச்.பி.வி. கிருமியையே கண்டுபிடிக்கும் பரிசோதனையும் வந்திருக்கிறது. வசதி இருந்தால் அதையும் செய்துகொள்ளலாம்.

மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டாலோ, தாம்பத்திய உறவுக்குப் பின் பட்டாலோ, வெள்ளைப்படுதலில் துர்நாற்றம் இருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருக்கிறாளா? அவளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஊசி போட்டுக்கொண்டவளும் முப்பது வயதில் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

தனியாகப் போகத் தயக்கமா? நாத்தனாரையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்!