விளங்காத வரிகள்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 5 மைல் இடைவெளியிட்டுக் கிழக்கும் மேற்குமாக ஓடி ஓடிக் காந்தமானியின் அளவுகளைத் திரட்டிய ‘பயனீர்’ கப்பலின் பதிவுகளை வரைபடமாக்கிய ரொனால்ட் மேசனும் ஆர்தர் ராஃபும் கண்டவை, வலிமையும் மெலிவும் மாறிமாறி நெடுந்தூரம் நீண்ட வரிகள். அவற்றுக்கு நிறைவான காரணம் அவர்களுக்கே புலப்படவில்லை; ஆயினும் 1961இல் அந்தப் படத்தை உலகின் முன் வைத்துவிட்டார்கள். கனடாவின் லாரன்ஸ் மோர்லி, கடலடித்தளம் நடுக்கடல் முகட்டிலிருந்து இருபுறமும் விரிகிறது என்றும், புதிதாக உறையும் பசால்ட் பாறை அவ்வக்காலத்துப் பூகாந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது என்றும் தாமாகவே ஊகித்தது, பிறர் அளந்த இந்தப் படத்தைக் கொண்டுதான். அவருடைய கட்டுரையை இரண்டு புகழ்பெற்ற இதழ்கள் ஏற்க மறுத்தன என்பதை, ஆசிரியப் பொறுப்பில் இருக்கும் எவரும் மனக்கிலேசமின்றி நினைக்க முடியாது.

அதே கருத்தை 1963இல் வெளியிட்ட வைனும் மேத்யூஸும் ஆதாரமாகக் கொண்டது நமது இந்து சமுத்திரத்தின் கார்ல்ஸ்பர்க் முகட்டை. அங்கு 1962இல் ‘ஓவன்’ கப்பல் எடுத்த அளவீட்டில், அருகருகே நின்ற இரண்டு கடலடி எரிமலைகளுள் ஒன்று இன்றைய காந்தத் திசையிலும் மற்றொன்று அதற்கு விபரீதமான திசையிலும் காந்தமேறியிருந்தமையை, வரிகள் அனைத்தையும்விட உறுதியான சான்றாக நான் எப்போதும் கருதிவந்திருக்கிறேன். அனுமானம் எத்தனை உயரப் பறப்பினும் அது கால் ஊன்றுவது இத்தகைய பிரத்தியட்சத்தின்மீதுதான்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், அண்மையில் நம்மிடம் வரும் கட்டுரைகள் பல, கணினி வரைந்த மாதிரி வளைகோட்டை மட்டும் அழகுற அச்சிட்டு, கப்பல் அளந்த மூலத்தொடரை மறைவில் விட்டுவிடுவதே. கார்ல்ஸ்பர்க் முகடு போன்ற இடத்தில் இவ்வழக்கம் பெருந்தீங்கு. அது பூகாந்த மத்தியரேகைக்கு அருகில் கிடப்பதால், இன்றைய திசையில் காந்தமேறிய மையப் பாறை, தனக்கு நேர்மேலே உள்ள புலத்தைக் கூட்டாமல் குறைக்கிறது. உயர் அட்சங்களில் பழகிய கண்ணுக்கு அது திசை மாறியது போலவே தோன்றும். விரிவும் மந்தமானது. ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்கு 1.2 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஏறக்குறைய 80,000 ஆண்டுகளே நீடித்த ஹாரமில்லோ என்னும் பூகாந்தத் திசைக் காலத்தில் உருவான பாறைக்கு ஒரு கிலோமீட்டர் அகலமே உண்டு. கடலின் ஆழமோ அதைப்போல் பலமடங்கு. ஆகவே நீர்மட்டத்தில் அளப்பவருக்கு அந்தக் காலம் மங்கிக் கரைந்துபோகிறது. தெற்குப் பசிபிக்கில் ‘எல்டானின்’ கப்பல் கண்ட துல்லியமான இருபுறச் சமச்சீர், அங்கு முகடு பன்மடங்கு விரைந்து விரிவதால் கிட்டியது. அதை எங்கும் எதிர்பார்த்தல் நியாயமன்று.

பூகாந்தப் புலத்தின் அன்றாட மாறுபாடு தரும் தொல்லை இன்னும் நுட்பமானது. பூகாந்த மத்தியரேகையை ஒட்டி, வானின் உயரத்தில், பகல்தோறும் ஓடும் மின்னோட்டம் நண்பகலில் புலத்தை 100 நானோடெஸ்லா அளவுக்கு உயர்த்திவிடக் கூடும். அங்கு புலம் கிடையாகவே அமைந்திருப்பதால் அவ்வுயர்வு ஏறத்தாழ முழுவதும் மொத்தப் புலத்தில் சேர்கிறது. மணிக்கு 10 நாட்டிகல் மைல் செல்லும் கப்பல் காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை கடப்பது ஏறக்குறைய 74 கிலோமீட்டர். அதற்குள் மெல்ல ஏறும் அந்தச் சரிவைப் பாறையின் குணமென்று எண்ணி மயங்கியவர் சிலரல்லர். திருநெல்வேலியில் இருக்கும் பூகாந்த ஆய்வுக்கூடம் இந்தப் பகல்நேர ஓட்டத்தையே நோக்கியிருப்பது. எனினும் கரையில் எடுத்த பதிவைத் தொலைகடலுக்கு அப்படியே பொருத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு, தீர்க்கரேகை மாறினால் நண்பகலும் மாறுமாதலால்.

ஆகையால் வரும் இதழ்முதல், கடற்காந்தக் கட்டுரை எதுவாயினும், திருத்தப்படாத அளவுத்தொடர், ஒவ்வோர் அளவுக்கும் உரிய நாள், மணி, இருப்பிடம், காந்தமானியை இழுத்த வடத்தின் நீளம், அன்றாடத் திருத்தத்துக்குக் கொண்ட நிலையத்தின் பெயர் ஆகியவற்றுடன் வரவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். மாதிரியோடு ஒத்துவராத பகுதிகளை வெட்டிவிடாமல், காரணம் சொல்ல இயலாவிடினும், அவை இருந்த இடத்திலேயே அச்சிடுவோம்.