காத்திருக்க வல்லவருக்கே நீதியா?

சட்டத்தின் முன் வாதியும் பிரதிவாதியும் நிகர். ஆனால் இருவருக்காகவும் வழக்காடுவோர் நிகரான வலிமையோடு நின்றாலன்றி அந்நிகர்மை மெய்ப்படாது. அமெரிக்க இழப்பீட்டு வழக்குகளின் வரலாறு இதற்குச் சான்று.

அந்நாட்டில் வாதிகளுக்காக வழக்காடும் நிறுவனங்கள் வேறு. பிரதிவாதிகளுக்காக வழக்காடும் நிறுவனங்கள் வேறு. பிரதிவாதியின் வழக்கறிஞர் தம் உழைப்பை ஆறு நிமிடக் கூறுகளாகப் பகுத்துக் கணக்கெழுதுகிறார். பெருநிறுவனமோ அதன் காப்பீட்டு நிறுவனமோ அக்கணக்கின்படி கட்டணம் செலுத்துகிறது. வென்றாலும் தோற்றாலும் அவருக்கு ஊதியம் உண்டு. வாதியின் வழக்கறிஞர் பெறுவதோ இழப்பீட்டில் ஒரு பங்கு. பெரும்பாலும் மூன்றில் ஒன்று. தோற்றால் கட்டணம் இல்லை. நிபுணர் சாட்சியத்துக்கும் ஆவணம் திரட்டுவதற்கும் ஆகும் செலவை முன்பணமாகப் போடுபவரும் பொதுவாக அவரே. ஆகவே வழக்கு நீள நீள ஒருவருக்கு வருவாய் பெருகுகிறது. மற்றவருக்குச் சுமை ஏறுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சிகரெட் நிறுவனங்கள் நன்கறிந்திருந்தன. நெடுங்காலம் புகைபிடித்து நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளான ரோஸ் சிப்பொலோன் என்ற நியூ ஜெர்சிப் பெண்மணி 1983இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே இறந்தார். 1988இல் அவர் கணவருக்கு 4 லட்சம் டாலர் இழப்பீடு தருமாறு ஜூரி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1992இல் உச்ச நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதிக்கு வழிவிட்ட பின்னரும், அதைத் தொடர்ந்து நடத்தும் பொருள்வலிமை வாதித்தரப்பில் எஞ்சவில்லை. அவ்வாண்டே வழக்கு கைவிடப்பட்டது.

1994இல் மிசிசிப்பி மாநிலத் தலைமை வழக்கறிஞர் மைக் மூர், வாதித்தரப்புத் தனியார் வழக்கறிஞர்களைத் துணைக்கொண்டு, புகையால் நோயுற்றோருக்கு அரசு செய்த மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்டார். மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. 1998இல் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,600 கோடி டாலர் செலுத்தச் சிகரெட் நிறுவனங்கள் உடன்பட்டன. சிப்பொலோன் குடும்பத்துக்கு வாய்க்காத பணவலிமையும் பொறுமையும் இம்முறை வாதித்தரப்பில் இருந்தன.

பங்குக்கு வழக்காடும் முறை குற்றமற்றதன்று. பெருந்தொகை தரும் வழக்கையே வழக்கறிஞர் நாடுவார். போட்ட பணம் திரும்பினால் போதுமென்று குறைந்த தொகைக்குச் சமரசம் செய்யவும் துணிவார். பொய் வழக்கிலிருந்து குற்றமற்றவரைக் காக்கும் பிரதிவாதி வழக்கறிஞரின் பணியும் அறப்பணியே. வழக்கின் முடிவைச் சார்ந்த கட்டணத்தை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுத்திருப்பது, வழக்கறிஞர் தாமே வழக்கின் பங்காளி ஆகலாகாது என்ற நன்னோக்கால்தான். அத்தடையை நாம் மதிக்கிறோம். ஆனால் பங்குமுறையை விலக்கிய நாடு, ஏழை வாதியின் வழக்கைத் தாங்க வேறொரு தோளைத் தந்தாக வேண்டும்.

தந்தோமா என்ற கேள்விக்குப் போபால் விடை கூறுகிறது. 1984 டிசம்பரில் அங்கே அமெரிக்க நிறுவனம் சார்ந்த ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1985இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம், பாதிக்கப்பட்டோர் சார்பில் வழக்காடும் உரிமையை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. நியூயார்க் நீதிமன்றமோ, வழக்கை இந்தியாவிலேயே நடத்துக என்று 1986இல் திருப்பி அனுப்பியது. 300 கோடி டாலருக்கு மேல் கேட்ட அரசு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உடன்பட்டது. மூச்சுத்திணறலோடு வாழ்ந்துகொண்டிருந்த மக்களிடம் அதற்கு முன் சம்மதம் கேட்கப்படவில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. வழக்கறிஞரை அமர்த்தித் தருவதோடு அவ்வுதவி நின்றுவிடலாகாது. நச்சியல் நிபுணரின் ஊதியம், ஆய்வுக்கூடச் செலவு, ஆண்டுக்கணக்கில் வழக்கை நடத்தும் நிதி ஆகிய அனைத்தும் அதில் அடங்க வேண்டும். பலருக்காக ஒருங்கே நடத்தப்படும் வழக்கில், பாதிக்கப்பட்டோரின் கருத்தைக் கேளாமல் சமரசம் செய்வதைச் சட்டமே தடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு எத்தனை தவணை கேட்டாலும் தளராத வலிமையை எளியவருக்கு அளிப்பது அரசின் கடமை. அதை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்து நாடாளுமன்றம் இனியும் விலகி நிற்கலாகாது.