பறவைப் புத்தகமும் பத்து வயதுச் சிறுமியும்

படங்கள் குழந்தையின் கற்பனையை முடமாக்குகின்றன, சொல் மட்டுமே அதை வளர்க்கும் என்பது இலக்கிய வாசகர்களிடையே ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. படப்புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் குழந்தையைக் கண்டால் தீவிர வாசகருக்கு இரக்கம் சுரக்கிறது. இந்த இரக்கத்தை நாங்கள் மறுக்கிறோம். அதற்கு உளவியல் ஆய்வுகளைத் தேடிப்போக வேண்டியதில்லை. இவர்களே போற்றும் செவ்வியல் நாவல் ஒன்றின் முதல் அத்தியாயம் போதும்.

சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ 1847இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் பத்து வயது அநாதைச் சிறுமி ஒருத்தி, மாமன் வீட்டுச் சன்னல் திண்டில், சிவப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்து அமர்ந்திருக்கிறாள். மடியில் தாமஸ் பெவிக்கின் பிரித்தானியப் பறவைகள் பற்றிய நூல். படங்கள் நிறைந்ததா என்று பார்த்தே அதை எடுத்திருக்கிறாள். அச்செழுத்தில் அவளுக்குப் பெரிதாக நாட்டமில்லை.

பெவிக் மரச்செதுக்கு ஓவியர். அந்நூலின் இரு தொகுதிகளும் 1797, 1804ஆம் ஆண்டுகளில் வந்தன. பறவை ஒவ்வொன்றுக்கும் துல்லியமான உருவப்படம் உண்டு. ஆனால் ஜேனைப் பிடித்து நிறுத்துபவை அவையல்ல. பறவையின் விவரம் முடிந்து பக்கத்தில் மிஞ்சும் வெற்றிடத்தில் பெவிக் செதுக்கிவைத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு காட்சிகள். கடல் நடுவே ஒற்றைப் பாறை, ஆளற்ற கரையில் உடைந்த படகு, கல்லறைத் தோட்டம், தூக்குமரத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும் கொம்புள்ள கரிய உரு. பெரும்பாலானவற்றுக்கும் பறவைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. விளக்கக் குறிப்பும் கிடையாது. விளக்கப்படாததால்தான் ஒவ்வொன்றும் அவளிடம் ஒரு கதையைக் கேட்கிறது. முன்னுரையில் வரும் வடதுருவப் பனிவெளி பற்றிய சில பக்கங்களை மட்டும் அவளால் தாண்டிச் செல்ல முடிவதில்லை. அச்சொற்கள் படங்களோடு கலந்துவிடுகின்றன. சொல்லும் படமும் பகையல்ல என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

(அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி அவள்மீதே வீசுகிறான் ஜான் ரீட். அவனும் படங்களுக்கு எதிரிதான். கோட்பாடு ஏதுமில்லாத எதிரி.)

எட்டு ஆண்டுகள் கழித்து, ஆசிரியையாகப் பணியேற்ற வீட்டில், ராச்செஸ்டர் அவளுடைய நீர்வண்ண ஓவியங்களைப் பார்க்கிறார். மூழ்கும் கப்பலின் பாய்மரத்தில் நீர்க்காகம். துருவ வானைக் குத்தி நிற்கும் பனிமலை, அதில் சாய்ந்த மாபெரும் தலை. எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்கிறார். தன் தலைக்குள்ளிருந்து என்கிறாள் ஜேன். பாறையும் பனியும் பெவிக்கிடமிருந்து வந்தவை. அந்தத் தலை அவளுடையது. முடமான கற்பனையின் வேலையா இது?

படம் எதுவானாலும் நன்று என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளி நாட்களில் எங்கள் கைக்கு வந்த ஒரு சுருக்கப் பதிப்பில் ஜான் புத்தகத்தை ஓங்கும் காட்சிதான் முழுப்பக்கப் படம். எதிர்ப்பக்கத்தில் சொன்னதையே மறுபடி சொல்லும் படம். அதில் நுழைய ஒரு குழந்தைக்கு இடமே இல்லை. குறை படத்தினுடையதா, அதை வாசகத்துக்குக் கூலியாளாக்கிய பதிப்பாளருடையதா?

சார்லட்டே தன் நாவலுக்குப் படம் வரைய மறுத்தாரே என்று நண்பர்கள் நினைவூட்டக்கூடும். 1848இல் அவ்வாறு மறுத்தது உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணம் தனக்கு அத்தனை கைத்திறன் இல்லை என்பதே. லீட்ஸ் நகர ஓவியக் கண்காட்சியில் 1834இல் இரு பென்சில் ஓவியங்களை வைத்தவர், சிறுவயதில் பெவிக்கைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவர் சொன்னது அது.