கார் செய்யும் ஊரில் கார் வரையும் கலாசாலை

சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாராகி, டாக்டர்களும் வக்கீல்களும் பெருமிதத்தோடு ஓட்டித் திரிந்த ஹெரால்டு காரின் உருவம், இத்தாலி தேசத்து ஜியோவானி மிக்கெலோட்டி என்பவர் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றுக்காக வரைந்து கொடுத்த உருவம். இரண்டே கதவுகள் கொண்ட அந்த வண்டியின் பின் ஆசனத்துக்கு, முன் ஆசனத்தை மடக்கி, புடைவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி ஏறி இறங்குவதற்குள் படும் சிரமத்தை உத்தேசித்தோ என்னவோ, நம்மவர்கள் சில வருஷங்களுக்குப் பின் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் செய்தார்கள். வண்டியில் ஏறுகிறவரின் முழங்கால் அப்பொழுதுதான் கணக்கில் சேர்ந்தது. தொழில் வடிவமைப்பு என்று இன்று வழங்கும் வித்தையின் சாரம் அந்த முழங்காலில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பின் கழிந்த அறுபது வருஷங்களில் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் ஓசூரும் வாகன உற்பத்தியில் உலகறிந்த பெயர்களாகிவிட்டன. ஆயினும் அங்கிருந்து வெளிவரும் வண்டிகளில் பலவற்றின் முதற்கோடு கொரியாவிலோ ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ விழுகிறது. விதிவிலக்குகள் உண்டு, 2015இல் சந்தைக்கு வந்த ரெனோ க்விட் சென்னையை மையமாகக் கொண்டு உருவாக்கப்பட்ட கார், ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையிலும் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலும் தொழில்நுட்ப நிலையங்கள் வைத்திருக்கிறது. உருவத்தைத் தீர்மானிக்கும் உத்தியோகம் மெள்ள மெள்ள இந்தப் பக்கம் நகர்ந்து வரும்பொழுது, அதற்குத் தகுதியுள்ள நம் பிள்ளைகள் எங்கே தயாராகிறார்கள் என்று கேட்டால், பதில் சங்கடமானது.

கார் என்றால் உயிரை விடும் பையனைப் பெற்ற தகப்பனார், அவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களெல்லாம் காராக வரைந்து தள்ளியிருப்பதைக் கண்டு, சிரத்தையோடு அவனை மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் சேர்க்கிறார். பட்டம் வாங்கியும் வேலை அகப்படாதபோது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நடக்கும் மூன்று மாத வகுப்பில் ஆட்டோகேட், காட்டியா என்ற கணினி வரைபட மென்பொருள்களைப் படிக்க வைக்கிறார். முன்பே தீர்மானமான உருவத்துக்கு உறுப்பு உறுப்பாகக் கணக்குப் பிசகாமல் படம் போடுவதை அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். அது கௌரவமான தொழில். அதனால் பிழைக்கிற குடும்பங்கள் அநேகம். ஆனால் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கிறவன் வேறு ஆள், அவன் பெறும் பயிற்சியும் வேறு. மூன்று மாதத்தில் கார் டிசைனர் ஆகலாம் என்று போர்டு வைப்பது சுத்தமான மோசடி.

வேறு பயிற்சி என்றால் என்ன? வாகன வடிவமைப்புக் கூடத்தில் நடுநாயகமாக நிற்பது களிமண் கார். 1927இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவை ஆரம்பித்த ஹார்லி எர்ல் வேரூன்றச் செய்த அந்தப் பழக்கம், கணினியில் எத்தனையோ யுக்திகள் வந்துவிட்ட பிறகும் பெரிய கம்பெனிகளில் மறையவில்லை. மரமும் நுரைப்பலகையும் கொண்டு கட்டிய கூட்டின் மேல், மெழுகும் எண்ணெயும் சேர்ந்த களிமண்ணை ஏறக்குறைய 60 டிகிரிக்குச் சூடாக்கி இளக்கி அப்பி, அது ஆறி இறுகிய பிற்பாடு பல்வைத்த சுரண்டிகளால் சீவிச் சீவி, முழு அளவுக் காரை எழுப்புகிறார்கள். அதன் மேல் பெயிண்ட் போலப் பளபளக்கும் மெல்லிய படலத்தை ஒட்டி, கூரை விளக்கின் பிரதிபிம்பம் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒடியாமல் ஓடுகிறதா என்று வெகுநேரம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்ப்பார்கள். ஒளிக்கோடு ஓரிடத்தில் நெளிந்தால், படலத்தை உரித்துவிட்டு, ஒரு மில்லிமீட்டர் சீவி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நம் ஊர்ப் பட்டறையில் டிங்கர் வேலை செய்கிறவரைக் கவனித்திருப்பீர்கள். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்த பின்னர், கண்ணை எங்கோ தெருவில் வைத்துக்கொண்டு உள்ளங்கையை மட்டும் தகட்டின் மேல் மெதுவாக ஓடவிட்டு, "இன்னும் கொஞ்சம் பள்ளம் இருக்கு" என்பார். நமக்கு அந்தப் பள்ளம் தெரியாது. களிமண் சிற்பியின் கையில் இருக்கும் ஞானமும் இதுவே. இந்தக் கைக்கு ஒரு வடிவமைப்புக் கூடத்திலும் உத்தியோகம் உண்டென்று அந்த டிங்கருடைய மகனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்தப் பயிற்சி நம் தேசத்தில் எங்கே கிடைக்கிறது என்று பார்ப்போம். 1958இல் இந்திய சர்க்கார் அழைத்து வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி தேசமெங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையில், தாங்கள் கண்ட பொருள்களிலெல்லாம் சிரேஷ்டமானதாக நம் செம்பைக் கொண்டாடினார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ளும், தலையிலும் இடுப்பிலும் எப்படி நிற்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், உட்புறம் கழுவ வாகாக இருக்குமா, விலை என்ன என்று அவர்கள் அடுக்கிய கேள்விகளை, கார் வரையப் புறப்படும் எந்தப் பிள்ளையும் பாராயணம் செய்யலாம். அந்த அறிக்கையின் பலனாக 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் பிறந்தது. பிற்பாடு 1969இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையமும் பிறந்தது. மஹிந்திரா எக்ஸ்யூவி500 காரின் உருவாக்கத்தை முன்னின்று நடத்திய ராம்கிருபா அனந்தன், பிலானியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு அந்தப் பம்பாய் மையத்துக்குப் போனவர். ஆந்திரத்திலும் ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் அஸ்ஸாமிலும் பின்னர் தேசிய வடிவமைப்பு நிலையங்கள் தோன்றின. தமிழ்நாட்டுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலும் காஞ்சிபுரம் பெயர் தாங்கிய மத்திய நிறுவனத்திலும் நல்ல படிப்புகள் இருப்பது மெய். அவற்றில் இன்ஜினீயரிங்கின் சாயலே அதிகம்.

ஐ.ஐ.டி.களின் வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கான யூசீட் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம் என்பது நம் பெற்றோர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது, அதில் கையால் வரைய வேண்டிய பகுதியும் உண்டு. நம் அரசாங்கப் பள்ளிகளில் ஓவிய வகுப்பின் யோக்கியதை நாம் அறியாததா? 2012இல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்கு நியமனம் பெற்ற பகுதிநேர ஆசிரியர்கள் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டினோம். பரீட்சை நெருங்கினால் அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

கார் வரையும் உத்தியோகங்கள் கொஞ்சம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு வடிவமைப்பாளர்கள் சில பத்துப் பேர் போதும்; அவர்களிலும் வெளிப்புறம் வரைகிறவர் சிலரே, மற்றவர்கள் ஆசனத் துணி, வண்ணம், விளக்கு, திரையில் தோன்றும் எழுத்து ஆகியவற்றைக் கவனிப்பவர்கள். ஆனால் இந்த வித்தை காரோடு நிற்பதில்லை. கல்லைத் தூக்காமல் மாவை வழித்தெடுக்க முடியாதிருந்த வெட் கிரைண்டர், பாத்திரத்தோடு சாய்த்து ஊற்றும் டில்டிங் கிரைண்டராக மாறியதில் எத்தனை பெண்களின் இடுப்பு வலி தீர்ந்தது! புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டருக்கும் அவ்வூர்ப் பம்புக்கும் கரூரில் பாடி கட்டும் பஸ்ஸின் படிக்கட்டுக்கும் இப்படிச் சிந்திக்கிறவர் இன்னும் ஏராளமாக வேண்டும்.

இப்படிப்பட்டவர்களைப் பயிற்றுவிக்க எழும்பூரில் இடம் தயாராகவே இருக்கிறது. அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வைத்தியர் 1850இல் ஆரம்பித்த சென்னை ஓவியப் பள்ளி முதலிலிருந்தே கைத்தொழிலை மனத்தில் கொண்ட பள்ளி. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலை ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் 1898 வாக்கில் தொடங்கிப் பார்த்ததும் அதன் பட்டறைகளில்தான். இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் அங்கே ஜவுளிக்கும் பீங்கானுக்கும் தொழில் வடிவமைப்புப் படிப்பு இருக்கிறது. வாகனத்துக்கும் யந்திரத்துக்கும் இல்லை. மாநில சர்க்கார் அந்தப் பிரிவை அங்கே தொடங்கட்டும். 1957 முதல் சிற்பம் கற்பிக்கும் மாமல்லபுரம் கல்லூரியின் கை வளத்தைக் களிமண் கூடத்துக்குத் துணை சேர்க்கட்டும். நுழைவுத் தேர்வைத் தமிழிலும் நடத்தட்டும். பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கு முழுநேர உத்தியோகமும் முழுச் சம்பளமும் கொடுக்கட்டும். ஒரகடத்திலும் ஓசூரிலும் லாபம் பார்க்கும் கம்பெனிகள், பயன் தீர்ந்த மாதிரி வண்டிகளையும் தங்கள் வடிவமைப்பாளர்களின் நேரத்தில் சிறிதையும் அந்த மாணவர்களுக்குக் கொடுக்க முன்வர வேண்டும்.